கணக்கில் வராத தண்ணீர்

வெயில் ஏறிவிட்டால் எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்சாப் குழுவில் எல்லோரும் வைத்தியர் ஆகிவிடுவார்கள். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தால் இருதய அடைப்பு திறந்துவிடும், இளநீரில் எலுமிச்சை பிழிந்தால் எந்த நோயும் கிட்டே வராது என்று விடிவதற்குள் செய்தி மேல் செய்தியாக வந்து விழும். அனுப்புகிறவர்களை மத்தியானம் போய்ப் பார்த்தால் சீனிப்பாகு ஊற்றிய சிராப் ஐஸ் உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். இந்த வைத்தியத்தின் மேல் எனக்கு முன்பும் பெரிய நம்பிக்கை கிடையாது, இப்போதும் கிடையாது. அதனால் நவமணி அக்காவைப் பற்றி நான் சொல்லப்போவதை யாரும் விளம்பரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

லகாட்டில் எங்கள் வரிசையில் கடைசி வீடு அவருடையது. ஜெலாப்பாங்கில், காருக்குள் காலடியில் போடும் ரப்பர் விரிப்பு செய்கிற கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், இருவரும் வேலை செய்கிறோம். நான் சரக்கு அனுப்பும் பிரிவில், குளிர்சாதன அறையில் நோகாமல் உட்கார்ந்திருப்பவள். அக்கா உள்ளே, அச்சு இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வெந்து வரும் விரிப்புகளின் ஓரத்தைக் கத்தியால் நறுக்குகிறவர். கோலா கங்சார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். அதை நினைத்து அவர் ஏங்கி நான் பார்த்ததில்லை. யாராவது தோட்டத்துக் காலத்தைப் பற்றிப் பெருமூச்சு விட்டால், "அங்க கொசுக்கடி ஒண்ணுதான் ஓசி" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். தினமும் காலையில் நான் ஓட்டும் காடியில்தான் வேலைக்கு வருவார்.

போன வருஷம் மார்ச்சில் அடித்த வெயில் நினைவிருக்கலாம். எங்கள் தாமானில் நாய்கூடச் சாக்கடைக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டது. கிலாங்குக்குள் கேட்கவே வேண்டாம். தலைக்கு மேல் தகரக் கூரை, எதிரே ரப்பரை வேகவைக்கும் இயந்திரம். பாதுகாப்பு அதிகாரி பவித்ரன் ஆட்களைக் கூட்டி வைத்துப் பேசினார். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள், வெறும் தண்ணீரே போதும் என்றார். அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் இயந்திரம் ஒன்றையும் வாங்கி மூலையில் வைத்தார். அது தேமே என்று நின்றது. ஆட்கள் வழக்கம்போல வெளியே போய்ப் பாலும் சீனியும் கொட்டிய தே ஐஸைப் பையில் வாங்கி வந்து குடித்தார்கள். குடித்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நாக்கு வறண்டது. ஒரு நாள் நேப்பாளத்துக்காரர் ஒருவர் அச்சு இயந்திரத்துக்கு முன்னால் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டார். கண் திறந்திருந்தது, பெயரைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் அக்கா என் காடியில் ஒரு தோங்கை ஏற்றினார். மூடியும் குழாயும் வைத்த பெரிய பிளாஸ்டிக் தோங். "இதென்னக்கா கல்யாண வீடா?" என்றேன். வழியில் சிந்தாமல் இருக்க அக்கா அதைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

அதில் இருந்தது ஒன்றும் ரகசிய மருந்து இல்லை. கொத்தமல்லி விதை, சீரகம், தட்டிய செராய் என்கிற எலுமிச்சைப்புல் தண்டு, வாசனைக்கு இரண்டு பண்டான் இலை. கொதித்ததும் இறக்கி ஆறவைத்து ஒரு கிள்ளு உப்பு. சில நாள் சீன மருந்துக் கடையில் வாங்கிய காய்ந்த சாமந்திப்பூவும் விழும். சீனி இல்லை, ஐஸ் இல்லை. மருந்துத் தண்ணி என்பார் அக்கா.

இதைக் குடித்து ஆட்கள் தேறினார்கள். தலைவலி என்று படுப்பவர்கள் குறைந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் வரும் எரிச்சலும் கெட்ட வார்த்தையும்கூடக் குறைந்தது என்று ஃபோர்மன் சொன்னார். கொத்தமல்லி உடம்புச் சூட்டை இழுத்துவிட்டது என்று அக்கா நம்பினார். எனக்குத் தோன்றியது வேறு. வியர்வையில் போன தண்ணீரும் உப்பும் திரும்ப வந்தன, சீனி உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். ஆனால் மூலையில் இருந்த இயந்திரத்திலும் தண்ணீர் இருந்ததே, அதை ஏன் யாரும் தொடவில்லை? செராய் வாசனைக்கு வாய் தானாகத் திறக்கிறது என்பது ஒன்று. அக்கா குவளையோடு ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, குடித்து முடிக்கும்வரை நகராமல் இருந்தார் என்பது இன்னொன்று. நேப்பாளத்தார், வங்காளத்தார், நம் ஆட்கள் யாராக இருந்தாலும் குடி என்று ஒரே சொல்தான், "மினும்." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் வராது.

இந்தத் தண்ணீரை உலகத்தில் ஒரே ஓர் ஆள் குடிக்கக் கூடாது என்றால், அது அவருடைய கணவர் அர்ச்சுனன் அண்ணன்.

அண்ணன் லோரி ஓட்டியவர். இனிப்புநீர் நோய் முதலில் கால் விரலைத் தொட்டது, பிறகு கண்ணை, கடைசியில் இரண்டு கிட்னியையும் முடித்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினில் ரத்தம் கழுவப் போகிறார். அவருக்குச் சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டது. அதாவது உள்ளே போகிற தண்ணீர் அடுத்த முறை மெஷின் எடுக்கும்வரை உள்ளேயே கிடக்கும். முதலில் காலில் வீங்கும், பிறகு நெஞ்சுக்கு ஏறும், கூடிவிட்டால் ஆளையே மூழ்கடித்துவிடும். அதனால் ஒரு நாளைக்குச் சின்ன பாட்டில் ஒன்றுதான் அவருக்குத் தண்ணீர். இந்த வெயிலில் அந்த ஒரு பாட்டிலோடு ஒரு மனிதன் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஓட்ட வேண்டும். நினைத்துப் பார்க்கவே எனக்குத் தொண்டை காய்கிறது.

அந்த பாட்டில் விஷயத்தில் அக்காவைப் போல ஒரு காவல்காரியைப் பார்க்க முடியாது. காலையில் தன் கையால் நிரப்பி வைப்பார். மாத்திரை விழுங்குவதும் அதிலிருந்துதான். சோற்றில் ரசம் ஊற்றுவது நின்றுபோனது. தர்ப்பூசணி வீட்டுக்குள் வராது. குழாயடியில் அண்ணன் முகம் கழுவினால்கூட அக்கா பக்கத்தில் போய் நிற்பார்.

இத்தனையும் செய்துவிட்டு, காலையில் ஒரு டம்ளர், வேலை முடிந்து வந்ததும் ஒரு டம்ளர், படுக்கப் போகும் முன் ஒரு டம்ளர் என்று மருந்துத் தண்ணீரை அண்ணன் கையில் அவரே கொடுத்துக்கொண்டிருந்தார்.

கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அக்காவுக்கு அப்படித் தெரியவில்லை. பாட்டில் தண்ணீர் தண்ணீர், மருந்து மருந்து. மாத்திரையை யாராவது சோற்றுக் கணக்கில் சேர்ப்பார்களா? தோட்டத்து வீடுகளில் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் இப்படித்தான். கஷாயத்தை நாங்கள் குடிப்பதாகவே நினைப்பதில்லை, சாப்பிடுவதாகத்தான் சொல்வோம். அதோடு இன்னொரு காரணமும் இருந்தது. ஆரம்பத்தில் ஒரு நாள் அண்ணனுக்கு ரத்தம் கழுவும்போது அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ரத்தம் மெஷினிலிருந்து திரும்பி வருகிற குழாயைத் தொட்டுப் பார்த்திருக்கிறார், வெதுவெதுப்பாக இருந்திருக்கிறது. அன்றிலிருந்து அவருக்கு ஒரு முடிவு.

"மெஷின் சூடுலா கலா," என்று காடியில் என்னிடம் சொல்வார். "ரத்தத்த அவ்ளோ நேரம் உள்ள ஓட விடுறாங்க, சூடு ஏறாம இருக்குமா? அதான் அவருக்கு ஒடம்பெல்லாம் அரிப்பு, தூக்கமும் இல்ல. வெளிச் சூடு ஒண்ணு, மெஷின் சூடு ஒண்ணு. தணிக்கலேன்னா என்ன ஆவாரு?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் தலையை ஆட்டினேன்.

ஏப்ரலில் அண்ணனுடைய எடை ஏற ஆரம்பித்தது. ஒவ்வொரு முறை ரத்தம் கழுவப் போகும்போதும் முதலில் எடை பார்ப்பார்கள். ஏறியதெல்லாம் தண்ணீர்தான். மெஷின் அவ்வளவையும் ஒரே மூச்சில் எடுத்தால் கால் தசை பிடித்துக்கொள்ளும், ரத்த அழுத்தம் இறங்கிவிடும். வீட்டுக்கு வரும்போது அண்ணன் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி வருவார். வீட்டில் அளவு தவறவே இல்லை, அப்படியென்றால் வெளியேதான் எங்கோ குடிக்கிறார் என்று அக்கா முடிவு கட்டினார்.

தாமான் முனையில் கனகராஜின் கோப்பிக் கடை இருக்கிறது. அண்ணன் காலையில் அங்கே போய் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா நேராக அங்கேயே போய்விட்டார். நான் ரொட்டி வாங்க நின்றிருந்தேன்.

"கனகராஜ், ஒளிக்காம சொல்லு. இவருக்கு நீ என்ன குடுக்கிற?"

"சத்தியமா ஒண்ணும் குடுக்கலைக்கா. அண்ணே சும்மாதான் உக்காந்திருப்பாரு."

"பின்ன காத்துலயா எடை ஏறுது?" அக்கா அண்ணன் பக்கம் திரும்பினார். "நான் அங்க அடுப்பு முன்னால நிக்கிற மாதிரி நின்னு வேலை செய்யுறேன். ஒங்களுக்கு வாயக் கட்ட முடியல. செத்துப் போறதுன்னா சொல்லிட்டுப் போங்க, நான் அளந்து வைக்கிறத விட்டுர்றேன்."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. இந்த ஆண்களுக்குத் திருட்டுத்தனமாகக் குடிக்கத் தெரிகிறது, நின்று பதில் சொல்லத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

மே மாதத்தில் ஒரு நீண்ட விடுமுறை. வெள்ளிக்கிழமை கழுவினால் அடுத்தது செவ்வாய்தான். வெயில் கொஞ்சமும் குறையவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார், காலில் செருப்பு இல்லை. அண்ணனால் படுக்க முடியவில்லை. நாற்காலியில் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். மூச்சோடு சேர்ந்து நெஞ்சுக்குள் களகளவென்று சத்தம் வந்தது. காடியில் ஏற்றினோம். பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அக்கா பின்னால் உட்கார்ந்து விசிறிக்கொண்டே, "சூடுதான், சூடு நெஞ்சுல ஏறிருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போகும்போது கையில் ஒரு போத்தல் மருந்துத் தண்ணீரும் எடுத்து வந்திருந்தார். அண்ணன் பேச முடியாமல் தலையை ஆட்டி அதைத் தள்ளிவிட்டார்.

உடனே மெஷினில் போட்டார்கள், பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பார்த்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள், அண்ணன் வழக்கமாக ரத்தம் கழுவப் போகும் நிலையத்து நர்ஸ் மிஸ்ஸி சுவர்ணா ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தார். அதட்டாமல் பேசுகிற பெண். கட்டிலுக்கு வெளியே அக்காவை உட்கார வைத்து, ஒரு நாளைக்கு என்னென்ன உள்ளே போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்கா பெருமையாகவே சொன்னார். பாட்டில் அளவு, ரசம் இல்லாத சோறு, பழம் இல்லாத வீடு எல்லாம் சொல்லிவிட்டு, "அதுக்கு மேல ஒரு சொட்டு தண்ணி கெடையாது மிஸ்ஸி. மருந்துத் தண்ணி மட்டும்தான் மூணு வேளையும் குடுக்கிறேன்" என்றார்.

மிஸ்ஸி நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அக்கா, அதுவும் தண்ணிதானே. மூணு டம்ளர் சேந்தா அண்ணனோட பாட்டில் அளவே வருது."

"மருந்து மிஸ்ஸி. மெஷின் சூட்டுக்கு."

"மெஷின்ல சூடு இல்லைக்கா. ரத்தம் வெளிய வந்து ஆறிடக் கூடாதுன்னு ஒடம்பு அளவுக்கு வெதுவெதுப்பா வெச்சிருக்கோம். அரிப்பு கிட்னி கெட்டதால வர்றது. நீங்க போடற உப்பு இருக்கே, அது வேர்வை சிந்துற ஆளுக்கு நல்லது. அண்ணனுக்கு அது தாகத்தக் கூட்டும். விதையும் இலையும் காய்ச்சினா அதுல உள்ள சத்தும் எறங்கும், அதையும் அவரால வெளிய தள்ள முடியாது." பிறகு மெதுவாகச் சொன்னார். "நோயாளிங்களுக்கு நடத்துற கிளாஸ்ல நான் இதச் சொன்னேன்கா. நீங்க அன்னிக்கு வேலைக்குப் போயிட்டீங்க. வீட்டுல காய்ச்சுற மருந்துத் தண்ணியும் கணக்கான்னு அண்ணனே எழுந்து கேட்டாரு. ஆமான்னு சொன்னேனே."

அக்கா எழுந்து போய் வெளியே நடைபாதையில் நின்றுகொண்டார். அழவில்லை. கையில் இருந்த துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் நான்தான் காடி ஓட்டினேன். உள்ளே போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அக்கா கேட்டார். நான் மாத்திரைப் பையோடு அங்கேயே நின்றிருந்தேன்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன ஏன் குடிச்சீங்க?"

அண்ணன் தரையைப் பார்த்தார். "விடிகாலையில எழுந்து காய்ச்சுற. கிலாங்ல அவ்ளோ பேரு ஒன்னோட தண்ணிய நல்லாருக்குன்னு குடிக்கிறாங்கன்னு வந்து சொல்ற. எனக்கு மட்டும் அது ஆகாதுன்னு எப்படிச் சொல்றது?" முட்டியைத் தடவிக்கொண்டார். "பொய் சொல்லக் கூடாது நவம். தாகமும்தான். நீயே டம்ளர நீட்டும்போது என்னால முடியல."

"கனகராஜ் கடையில அத்தன பேர் முன்னாடி திட்டுனேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்லா."

"அத்தன பேர் முன்னாடி எப்படிச் சொல்றது, நீதான் குடுக்கிறேன்னு?"

அதைக் கேட்டதும்தான் அக்கா உடைந்தார். "நான் குடுத்தேன்னு சாவீங்களா?" என்றார். "நீங்க பாட்டுக்குப் போயிருவீங்க. அதுக்கப்புறம் யாராவது வந்து என்கிட்ட சொல்லியிருப்பாங்க, நீ குடுத்த தண்ணிதான்னு. நான் எப்படி இருந்திருப்பேன்னு நெனச்சீங்களா? ஒங்களுக்கு வேணாம்னு ஒரு வார்த்த சொல்ல வரல, என்னைக் கொலைகாரி ஆக்கத் தெரியுது."

அண்ணன் எழுந்து வரப் பார்த்தார், முடியவில்லை. அக்கா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் மாத்திரைப் பையை மேசையில் வைத்தேன். வருத்தமாக இருந்தது. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. கடையிலிருந்து அண்ணன் வாயை மூடிக்கொண்டு நடந்து போனதை நினைத்தால் பரிதாபமாக இருந்தது. அதே வாயை மூன்று வேளையும் மூடாமல் இருந்தாரே என்று நினைத்தால் எரிச்சலும் வந்தது.

அதற்குப் பிறகு அக்கா மருந்துத் தண்ணீர் காய்ச்சவில்லை. செராய்த் தண்டும் கொத்தமல்லியும் குப்பைக்குப் போயின. கிலாங்கில் ஆட்கள் குவளையோடு வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். "மனுசனக் கொல்லுற தண்ணி, வேணாம் போங்க" என்றார் அக்கா. வெயில் மட்டும் யார் வீட்டு நிலைமையும் பார்க்காமல் அடித்தது. மறுபடியும் தே ஐஸ் பைகள் வந்தன. ஓர் ஆள் கழிவறைக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தார்.

பவித்ரன் அக்காவைத் தேடி வந்து பேசினார். "அக்கா, வேர்வை போற ஆளுக்கு இது நல்லது, கிட்னி போன ஆளுக்கு ஆகாது. ரெண்டும் உண்மைதான். இவங்களுக்கு ஏன் நிறுத்துறீங்க?" அக்கா நறுக்கும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. ஆனால் அன்று மாலை காடியில் வரும்போது, "ஆளுக்கு ஆள் வேற வேறலா கலா" என்றார். பிறகு, "எல்லாருக்கும் ஒண்ணா ஊத்துனேன்" என்றார்.

அடுத்த வாரத்தில் ஒரு காலை நான் போனபோது அவர்கள் வீட்டுக்குள்ளிருந்து செராய் வாசனை வந்தது. தோங் நிரம்பி வாசலில் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். அண்ணன் அடுப்படியில் கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அக்காவின் கையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் மருந்துத் தண்ணீர்.

"வாய் கொப்புளிக்கலாம்னு மிஸ்ஸி சொன்னாங்க," என்றார் அக்கா. "நாக்காவது நனையட்டும். முழுங்கக் கூடாது. நான் இங்கதான் நிப்பேன்."

அண்ணன் வாங்கி ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். கண்ணை மூடினார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. வெளியே அந்த நேரத்துக்கே வெயில் ஏறியிருந்தது. அக்கா அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதைத்தான் பார்த்தேன். ரொம்ப நேரம் வாயிலேயே வைத்திருந்தார். நான் ஏதாவது சொல்லிவிடலாமா என்று நினைக்கும் அளவுக்கு நேரம் போனது. அக்கா வாயைத் திறக்கவில்லை.

பிறகு அண்ணன் குனிந்து எல்லாவற்றையும் துப்பினார். நிமிர்ந்து, அக்கா பார்க்கட்டும் என்று வாயை நன்றாகத் திறந்து காட்டினார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அக்கா கொடுத்த எதையும் அவர் துப்பியதில்லை. அக்காவுக்குக் கண்ணில் நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"இன்னொரு வாய் குடு நவம்," என்றார் அண்ணன். அக்கா ஊற்றினார்.